பிழையோ, பழமையோ?

சென்ற மார்கழித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, இம்மலரின் பணிகளுக்காக அன்பர்கள் சங்க மண்டபத்தில் கூடியிருந்தபோது, நெடுநாள் பூட்டிக் கிடந்த இரும்பு அலமாரி திறக்கப்பட்டது. பந்தல் கயிறும், உடைந்த ஆர்மோனியப் பெட்டியும், கறையான் தின்றது போக எஞ்சிய நாடகப் புத்தகங்களும் இருந்த அவ்வலமாரியின் அடித்தட்டில், சங்கத்தின் தொடக்க கால நடவடிக்கைக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. 1964ஆம் ஆண்டின் கூட்டக் குறிப்புகள் அதில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. தமிழ்ச் சங்கத்தின் குறிப்பேட்டில் ஆங்கிலம் ஏன் என்று ஐயுறுவோர்க்கு விடை எளிது. மண்டபம் தந்து உதவிய ரயில்வே இன்ஸ்டிடியூட்டாருக்கு ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பையும் படியெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் நால்வர் அதனை வாங்கிப் படித்தனர். சிறிது நேரத்தில் சிரிப்பொலி எழுந்தது. 'டுடே' என்னும் சொல்லின் நடுவே ஒரு சிறு கோடு. 'கனெக்‌ஷன்' என்பதில் சி, டி என்னும் ஈரெழுத்து நிற்க வேண்டிய இடத்தில் ஓர் எக்ஸ். 'வாகன்' என்பதில் ஒரு ஜிக்கு இரண்டு ஜி. கணக்கு பதினொரு ரூபாய் மீதி காட்டுகிறது என்னுமிடத்தில், 'ஷோ' என்னும் சொல்லில் ஓ என்னும் எழுத்துக்கு மாற்றாக ஈ. "ஒரே பக்கத்தில் எட்டுப் பிழை! அந்தக் காலத்துச் செயலாளர் எந்தப் பள்ளியில் படித்தாரோ!" என்றாள் ஒரு பெண். குறும்பாகச் சொன்னாளேயன்றிக் கெடுநோக்கில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்துச் செயலாளர் அம்மண்டபத்திலேயே, சுவரோரமாக ஒரு நாற்காலியில் அமர்ந்திருந்தார். எண்பத்தைந்தை எட்டும் அகவையினர். ரயில்வேயில் டெஸ்பாட்ச் எழுத்தராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். அவர் ஒன்றும் சொல்லாமல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அவர் சொல்லாது விட்டதை யாம் சொல்லப் புகுந்தோம். யாம் மெட்ரிக்குலேஷன் வரை பயின்றவரேயன்றி மொழிநூற் புலமை உடையோம் அல்லோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகத்தில் பழைய தாள்களோடு உறவாடி வருகின்றோம் என்பதும், ஓய்வு நேரங்களில் இத்தகைய செய்திகளைத் தேடிப் படிக்கும் ஆவல் உண்டு என்பதுமே எம் தகுதி. அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் எண்ணிய எட்டில் ஒன்றேனும் பிழையன்று என்பதை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறொன்று என்று நாம் அனைவரும் பள்ளிப் பருவத்தில் கண்ணீர் விட்டிருக்கின்றோம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. வில்லியம் காக்ஸ்டன் என்பார் 1476ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை நிறுவினார். அவர் அத்தொழிலைக் கடல் கடந்து கொலோன் நகரில் கற்றவர். புரூஜ் நகரில் அச்சிட்டுப் பழகியவர். அச்சுக் கோத்தவர்களும் அத்தாழ்நிலத்துப் பழக்கம் உடையவர்கள். ஆவியைக் குறிக்கும் 'கோஸ்ட்' என்னும் சொல்லில் ஜிக்கு அடுத்து ஒலியாத ஓர் எச் உட்கார்ந்திருக்கின்றதே, அது அவர்கள் தம் பிளெமியச் சொல்லைப் போல ஆங்கிலச் சொல்லையும் கோத்ததனால் வந்து சேர்ந்தது என்பர். ஆவி போய்விட்டாலும் எச் போகவில்லை.

பின்னர் இலத்தீன் கற்ற புலவர்கள் வந்தனர். கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லைப் பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்ற ஆங்கிலேயர் பி என்னும் எழுத்தின்றியே எழுதிவந்தனர். அதன் மூதாதையான இலத்தீன் சொல்லில் பி உண்டு என்று புலவர்கள் காட்டவே, நடுவே ஒரு பி நுழைந்தது. ஐயத்தைக் குறிக்கும் 'டவுட்' என்னும் சொல்லுக்கும் அதே கதி. இவ்விரண்டிலாவது உறவு உண்மை. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' பழைய ஆங்கிலத்துக்கே உரிய சொல்; அதில் எஸ் என்றுமே இருந்ததில்லை. பிரெஞ்சு வழி வந்த வேறொரு சொல்லோடு அதனை உறவென்று மயங்கி ஓர் எஸ்ஸைச் செருகினர். இன்று அந்த எஸ் இல்லாமல் எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் குறைகின்றது! பிழையாக நுழைந்தது சட்டமாகிவிட்டது. சட்டமாக இருந்தது பிழையென்று ஒதுக்கப்பட்டது. எழுத்துக்கூட்டின் வரலாற்றில் இவ்விரண்டையும் அடிக்கடி காணலாம்.

சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டில் தம் பேரகராதியை வெளியிட்டார். ஏறத்தாழ 42,000 சொற்களைக் கொண்ட அந்நூல் வந்த பிறகே எழுத்துக்கூட்டுக்கு ஒரு நீதிமன்றம் கிடைத்தது எனலாம். ஆயினும் ஜான்சன் எழுதிய முறையும் அப்படியே நிலைத்துவிடவில்லை. 'பப்ளிக்', 'மியூசிக்' முதலிய சொற்களின் ஈற்றில் அவர் ஒரு கே வைத்தார். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் அதனை நீக்கினார். இங்கிலாந்திலும் அது மெல்ல உதிர்ந்தது. உதிராத ஓரிடத்தைக் கிரிக்கெட் பித்துப் பிடித்த நம் இளைஞர்கள் அறிவர். 1864 முதல் வெளிவரும் விஸ்டன் ஆண்டு மலரின் பெயரில் 'அல்மனாக்' என்பதன் ஈற்றில் அந்தப் பழைய கே இன்றும் ஆட்டமிழக்காமல் நிற்கின்றது.

இனி நம் குறிப்பேட்டுக்கு வருவோம்.

'டுடே' என்பது முதலில் இரண்டு சொல். 'இந்த நாளில்' என்னும் பொருளில் பழைய ஆங்கிலத்தார் அதனைப் பிரித்தே எழுதினர். பின்னர் நடுவே சிறு கோடு வந்தது. அதன் பின் கோடும் மறைந்து ஒரே சொல்லாயிற்று. நாளை, இன்றிரவு என்பவற்றுக்கும் இதுவே வரலாறு. 1926இல் ஆங்கில வழக்கு நூல் எழுதிய பவுலர் என்னும் அறிஞர், இந்தக் கோடு இன்னும் போகவில்லையே என்று வியந்திருக்கின்றார். அதாவது அவர் காலத்திலும் கோடிடுவதே பெருவழக்கு. அந்தக் காலத்தில் கற்ற ஆசிரியரிடம் பாடம் கேட்ட ஒருவர் 1964இல் கோடிட்டு எழுதினார் என்றால், அவர் ஆசிரியர் சொல்லைக் காத்தார் என்பதே பொருள். பேருந்தைக் குறிக்கும் 'பஸ்' என்னும் சொல்லுக்கு முன்னால் மேற்குறி ஒன்று இட்டு எழுதிய காலமும் உண்டு. 'ஆம்னிபஸ்' என்னும் நெடுஞ்சொல்லின் தலை வெட்டப்பட்டது என்பதை நினைவூட்டவே அக்குறி.

'கனெக்‌ஷன்' என்பதில் எக்ஸ் இடுவது இலத்தீன் மூலத்தையொட்டிய பழைய முறை. சி, டி இட்டு எழுதுவது, 'கனெக்ட்' என்னும் வினைச்சொல்லைப் பார்த்துப் பின்னர் வழக்கூன்றியது. லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் 1980கள் வரை எக்ஸையே கையாண்டு வந்தது. மெதடிஸ்ட் திருச்சபையார் தம் கூட்டமைப்பைக் குறிக்க இன்றும் எக்ஸையே எழுதுகின்றனர். மேனி நிறத்தைக் குறிக்கும் 'காம்ப்ளெக்‌ஷன்' என்பதில் நாம் ஒருவரும் எக்ஸை மாற்றுவதில்லையே. உடன்பிறந்தான் ஒருவன் வேட்டியிலிருந்து காற்சட்டைக்கு மாறினான், மற்றவன் மாறவில்லை, அவ்வளவே.

காட்டுதல் என்னும் பொருளுள்ள 'ஷோ' என்பதை ஈ இட்டு எழுதுவது 1611ஆம் ஆண்டு விவிலியத்தில் உள்ள முறை. நாடக ஆசிரியர் பெர்னார்டு ஷா தம் நூல்களிலெல்லாம் அவ்வாறே பிடிவாதமாக எழுதினார். ஈ இட்டாலும் ஒலிப்பு 'ஷோ' என்பதுதான். தையலைக் குறிக்கும் 'சோ' என்னும் சொல்லில் இன்றும் ஈ, டபிள்யூ தாமே உள்ளன? அதனை ஒருவரும் 'சியூ' என்று ஒலிப்பதில்லை. ஷாவைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய எழுத்துக்கூட்டை இவ்வாறு பற்றியிருந்த அவரே, ஆங்கில எழுத்து முறை முழுவதையும் ஒழித்துப் புதிய நெடுங்கணக்கு ஒன்று காண வேண்டுமென்று உயில் எழுதி வைத்து 1950இல் மறைந்தார். அவர் விருப்பப்படி அமைந்த புதிய எழுத்தில் அவருடைய நாடகம் ஒன்று 1962இல் அச்சாயிற்று. அவ்வெழுத்தை ஊர் ஏற்கவில்லை.

'வாகன்' நம் தொழிலுக்குரிய சொல். அதனிடம் சற்று நிற்க உரிமை உண்டு. டச்சு மொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு ஒரு ஜியா, இரண்டு ஜியா என்னும் வழக்கு நெடுநாள் நடந்தது. மூல மொழியில் ஒன்றே. அமெரிக்கர் ஒன்றோடு அமைந்தனர். ஆங்கிலேயர் 1900 வரையிலும் அதன் பின்னரும் பலவிடத்தும் இரண்டே இட்டனர். இந்தியாவில் இருப்புப்பாதை அமைத்த கம்பெனிகள் ஆங்கிலேயருடையவை. ஆகவே அவர்தம் தாள்களில் இரண்டு ஜி வந்ததில் வியப்பில்லை. 1870ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பம்பாயிலிருந்து வந்த பாதையும் கல்கத்தாவிலிருந்து வந்த பாதையும் ஜபல்பூரில் ஒன்று சேர்ந்தன. அந்நாளில் அவ்வூரின் பெயரை ஆங்கிலத்தில் ஜே-யூ-பி-பி-யூ-எல் என்று தொடங்கி எழுதினர். அக்காலத்துத் தாள்களில் ஊருக்கு இரண்டு பி, வண்டிக்கு இரண்டு ஜி.

சிறையைக் குறிக்கும் 'ஜெயில்' நம் குறிப்பேட்டில் இல்லை; நல்லவேளை. ஆயினும் பழைய எழுத்துக்கூட்டைப் பேசுவோர் அதனை விட்டுச் செல்லலாகாது. ஜி-ஏ-ஓ-எல் என்று எழுதி 'ஜெயில்' என்று ஒலிப்பது எதனால்? பிரெஞ்சு மொழியின் இரண்டு கிளைகளிலிருந்து இச்சொல் இருமுறை ஆங்கிலத்துள் புகுந்தது. நார்மன் கிளை ஜி கொண்டு வந்தது. பாரிசுக் கிளை ஜே கொண்டு வந்தது. நாவில் ஜே வென்றது; அரசாங்கத் தாளில் ஜி வென்றது. ஆஸ்கார் வைல்டு தாம் சிறையிருந்த ரெடிங் நகரின் பெயரால் 1898இல் வெளியிட்ட பாடலின் தலைப்பில் ஜியே உள்ளது. டப்ளின் நகரிலும் மெல்பர்ன் நகரிலும் பழைய சிறைகள் இன்று காட்சிச்சாலைகளாக உள்ளன. அவற்றின் பெயர்ப்பலகையிலும் ஜியே. இந்தியாவின் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமோ அப்போதே ஜே எழுதிவிட்டது! ஆண்ட நாட்டிலும் முந்தி ஆளப்பட்ட நாடு புதுமைக்கு மாறிய அரிய இடங்களில் இஃது ஒன்று.

பழையதாகத் தோன்றுவதெல்லாம் பழையதன்று என்பதையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி நிரலைக் குறிக்கும் 'புரோகிராம்' என்பதன் ஈற்றில் எம்-ஈ சேர்ப்பதே தொன்மையான ஆங்கில முறை என்றும், அமெரிக்கர் அதனை வெட்டினர் என்றும் யாம் நெடுநாள் நம்பியிருந்தோம். உண்மை வேறு. இங்கிலாந்தில் முன்னர் வழங்கியது குறுகிய வடிவமே. நீண்ட வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பகட்டோடு வந்தது. வங்கிக் 'காசோலை'யின் ஆங்கிலச் சொல்லும் அவ்வாறே. முடிவில் கே கொண்டதே மூத்தது, கியூ-யூ-ஈ பின்னர்ப் பிறந்தது. சக்கரத்தின் 'டயர்' இன்னும் விந்தை. அதனை ஐ இட்டும் ஒய் இட்டும் ஒரு காலத்தில் எழுதினர். 1700க்கு முன்னரே ஒய் மறைந்து ஐ நின்றது. பின்னர்க் காற்றடைத்த ரப்பர் வளையம் வந்தபோது இங்கிலாந்தில் ஒய் உயிர்த்தெழுந்தது. ரப்பருக்கு முன்னரே நீராவி எஞ்சின்களின் சக்கரங்களுக்கு இரும்பு டயரைச் சூடேற்றிப் பூட்டிய கொல்லர்களின் வழித்தோன்றல்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கக்கூடும்.

நம் முதியவரின் சொல்லை இறுதிக்கென்று வைத்திருந்தோம். அனுப்புதல் என்னும் பொருளுள்ள 'டெஸ்பாட்ச்'. இந்நாட்டில் அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதில் டெஸ்பாட்ச் பிரிவு ஒன்று இருக்கும். அங்கே ஒரு பதிவேடு, ஒரு வரிசை எண், ஒரு பசைப் புட்டி இருக்கும். டி-க்கு அடுத்து ஈ எழுதுவதே நம் வழக்கம். ஆனால் இச்சொல் ஆங்கிலத்துள் புகுந்த நாள் முதல் அதற்கு உரிய எழுத்து ஐ. ஜான்சன் தம் அகராதியில் இச்சொல்லை எவ்வாறோ ஈ இட்டுப் பதிந்துவிட்டார். அவர் தாமே பிற இடங்களில் எழுதியது ஐ. அச்சொல்லுக்கு அவர் காட்டிய மேற்கோள்களின் ஆசிரியர்கள் எழுதியதும் ஐ. பேரகராதியில் நேர்ந்த ஒரு கைத்தவற்றை உலகம் வேதமாக ஏற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கட்டுப்பாட்டு மன்றத் தலைவர் சார்லசு வுட் 1854இல் இந்தியாவின் கல்வி பற்றி விடுத்த நெடுமுடங்கல், ஈ இட்ட இப்பெயராலேயே வரலாற்றில் வழங்குகின்றது. அம்முடங்கலின் பயனாக 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றோடு மெட்ரிக்குலேஷன் தேர்வும் வந்தது. ஆகவே எம் போன்றாரின் படிப்புக்கும் பிழைப்புக்கும் மேலே அந்த ஈ ஆடிக்கொண்டிருக்கின்றது எனலாம். முதியவர் தம் பணிக்காலத்தில் அச்சொல்லைப் பல்லாயிரம் முறை எழுதியிருப்பார். அதனை மட்டும் நம் பிள்ளைகள் பிழையென்று எண்ணவில்லை!

மாற்றம் வந்த பின்னும் பழைய எழுத்து ஏன் சாகாமல் இருக்கின்றது? பழைய தாளைத் தேடி எடுக்க அது வேண்டும் என்பது ஒரு காரணம். நம் நிலையக் குறியீடுகளே சான்று. கான்பூர் 1948இல் புதிய எழுத்துக்கூட்டைப் பெற்றது. அதன் குறியீடு இன்றும் சி என்னும் எழுத்தில் தொடங்குகின்றது. மதராஸ் 1996இல் சென்னை ஆயிற்று; சென்ட்ரல் நிலையத்தின் குறியீட்டில் எம்-ஏ-எஸ் இருக்கின்றது. கொல்லத்துக்குக் கியூ, கோழிக்கோட்டுக்குச் சி, தூத்துக்குடிக்கு டி-என். தூத்துக்குடி என்னும் பெயரில் என் எங்கே என்று தேடுவோர், 'டூட்டிகாரின்' என்று சொல்லிப் பார்த்தால் விளங்கும். 2020 சூன் திங்களில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, எதிர்ப்புரை எழவே சில நாட்களில் அதனைத் திரும்பப் பெற்றது. பெயரை மாற்றுவது ஒரு நாள் வேலை. பெயர் ஏறிய தாள்களை மாற்றுவது எத்தனை நாள் வேலை என்பதை எழுத்தர்களைக் கேட்டால் சொல்வர்.

முற்கால ஆங்கிலேயர் நம் ஒலிகளைத் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். அகரத்துக்கு யூ, ஆகாரத்துக்கு ஏ-டபிள்யூ, உகரத்துக்கு இரண்டு ஓ, இகரத்துக்கு இரண்டு ஈ. ஹண்டர் என்பார் 1881இல் தொகுத்து வெளியிட்ட கெசட்டியர் நூல்கள் ஒழுங்கான முறையொன்றைப் பரப்பின. ஆனால் நாடறிந்த சில பெயர்களைப் பழையவாறே விட்டுவிட்டார். நம் கறி 'கர்ரி' ஆகியபோது அகரத்துக்கு எழுதிய யூ இன்றும் உலகமெங்கும் உணவுச்சாலைப் பலகைகளில் இருக்கின்றது. மிளகுத் தண்ணீர் 'மலிகட்டானி' ஆகிய கதையும் அதுவே. 1860 முதல் நேட்டாலுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழியினர் தென்னாப்பிரிக்காவில் முதலியார், கவுண்டர், பிள்ளை என்பவற்றை இன்றும் அக்காலத்து ஆங்கிலச் செவி பதிந்தவாறே தம் குடும்பப் பெயராகக் கொண்டுள்ளனர். அவர்களுக்கு அது பிழையன்று, பாட்டனாரின் கையெழுத்து.

இங்கே எம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் யாம் பணியாற்றிய அலுவலகத்துக்கு, மறைந்த பாதைக் காவல் தொழிலாளி ஒருவரின் துணைவியார் குடும்ப ஓய்வூதியம் வேண்டி விண்ணப்பித்தார். தமிழ் அம்மையார், தனியர். 1960களில் கணவர் பணியிற் சேர்ந்தபோது பணிப் பதிவேட்டில் பெயரை எழுதிய எழுத்தர், 'சாமி' என்னும் ஈற்றை எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று பழைய முறைப்படி எழுதியிருந்தார். வங்கிப் புத்தகத்திலும் பிற சான்றுகளிலும் டபிள்யூ இல்லை. கணிப்பொறியில் இரண்டு பெயரும் ஒட்டவில்லை. 'பெயர் வேறுபடுகின்றது' என்று எழுதிக் கோப்பைத் திருப்பியனுப்பியது வேறெவருமல்லர், யாமே. விதிப்படி அது சரி. இருவரும் ஒருவரே என்று வழக்கறிஞர் முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, மீண்டும் அனுப்பி, மீண்டும் ஒரு வினா எழுந்து, ஏழு திங்கள் சென்றன. அவ்வேழு திங்களும் அவ்வம்மையார் இட்டிலி விற்று வாழ்ந்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். டபிள்யூ என்னும் அவ்வெழுத்து ஆகாரத்தின் பழைய அடையாளம் என்பதை அன்று யாம் அறிந்திருந்தால், முதல் நாளே குறிப்பொன்று எழுதி மேலதிகாரியிடம் நேரில் கொண்டுசென்றிருப்போம். அறியவில்லை. இத்துறையில் எமக்கு ஆவல் பிறந்தது அதன் பின்னரே.

ஆங்கிலத்தைச் சொல்லிவிட்டு நம் வீட்டை மறத்தல் கூடாது. பெரியார் 1935இல் தம் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. அதற்கு முன் 'லை', 'னை' முதலியவற்றின் முன்னால் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு இருந்தது. எம் அன்னையார் எழுதும் கடிதங்களில் அத்தும்பிக்கை இன்றும் உண்டு. எம் மகள் அதனைப் படிக்கத் தடுமாறுகின்றாள். இந்தி எழுத்தில் அவளுக்குள்ள விரைவு அங்கே இல்லை. "பாட்டி ஏன் தப்பாக எழுதுகிறார்கள்?" என்று ஒருமுறை கேட்டாள். குறிப்பேட்டைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளை யாம் கடிந்துகொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம்.

குறிப்பேடு இப்போது கணிப்பொறியில் ஏற்றப்பட்டு வருகின்றது. எழுத்துக்கூட்டை இக்காலத்துக்கு ஏற்பத் திருத்தலாமா என்று செயற்குழுவில் வினா எழுந்தது. இருந்தவாறே இருக்கட்டும் என்று பெரும்பாலோர் கூறினர். ஒருவர் மட்டும் மாறாக வாக்களித்தார், அவர் பள்ளி ஆசிரியர். அன்று சிரித்த பெண்ணே தட்டெழுதும் பணியை ஏற்றிருக்கின்றாள். கணிப்பொறி அமெரிக்க முறையில் அமைந்ததாதலின், அவள் அடிக்கும் 'கலர்', 'புரோகிராம்' என்பவற்றின் கீழெல்லாம் சிவப்புக் கோடு ஓடுகின்றது. குறிப்பேட்டின் பக்கங்களில் கோடில்லாத வரி குறைவு. ஞாயிறுதோறும் மாலையில் முதியவர் வந்து அவளருகே அமர்கின்றார். கறையான் தின்ற இடங்களில் என்ன எழுதியிருந்தது என்பதை நினைவிலிருந்து சொல்கின்றார்.

"தாத்தா, இங்கே ஓவா, ஈயா? மை பரவியிருக்கிறது."

"ஈதான் அம்மா. எங்கள் தலைமையாசிரியர் ஓ போட்டால் காதைத் திருகுவார்."

ஆகஸ்டுக் கூட்டம் வரையில் முடிந்துள்ளது.